மேட்ச் எதுல வருது?

எங்கள் ஃப்ளாட்ஸின் தரைத் தளத்தில் ஏ.ஜி. ஆபீஸ் மாமா இருக்கிறார். ரிடையராகிப் பல வருஷம் ஆகிவிட்டது. வயசு எழுபத்தெட்டு. நாங்கள் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மேற்கு மாம்பலத்துப் பழைய ஃப்ளாட்ஸில் லிஃப்ட் தேடுவது, அடைமழை நாளில் துரைசாமி சப்வேயில் ரோடு தேடுவதற்குச் சமம். மொத்தம் முப்பத்தாறு படி. மாமா அத்தனையும் ஏறி, முதல் மாடியில் இரண்டு நிமிஷம் 'டிரிங்க்ஸ் பிரேக்' எடுத்துக்கொண்டு, எங்கள் கிரில் கேட்டைத் தட்டுவார்.

"டேய், நாளைக்கு மேட்ச் எதுல வருது?"

கவனியுங்கள். எப்போ என்று கேட்கவில்லை. யாரோடு என்று கேட்கவில்லை. எந்த ஊரில் என்றுகூடக் கேட்கவில்லை. அதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கேள்வி ஒன்றே ஒன்றுதான். எதுல?

நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் நம்மவர்கள் நியூஸிலாந்து போனார்களே, அது அமேஸான் பிரைமில் வந்தது. 2023 ஜூலையில் வெஸ்ட் இண்டீஸ் டூர், ஜியோ சினிமாவிலும் ஃபேன்கோடிலும். அதே அக்டோபரில் உலகக் கோப்பை, ஹாட்ஸ்டாரில். 2024 ஜூலையில் ஜிம்பாப்வே, சோனி லிவ்வில். 2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பை, மறுபடியும் சோனி லிவ். நடுவில் ஹாட்ஸ்டாரும் ஜியோ சினிமாவும் 2025 பிப்ரவரி 14-ம் தேதி, காதலர் தினமாகப் பார்த்து, ஜியோஹாட்ஸ்டார் என்று ஒரே குடும்பமாகிவிட்டன.

"எங்க ஆபீஸ்லகூட ஒரு ஃபைல் இத்தனை சீட் மாறாதுடா!" என்றார் மாமா.

நான் பி.காம். எல்லாவற்றுக்கும் டெபிட், கிரெடிட் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. அந்த நியூஸிலாந்து டூருக்கென்றே சந்தா கட்டினேன். மொத்தம் ஆறு ஆட்டம். வெலிங்டனில் முதல் டி20: மழை. டாஸ்கூடப் போடவில்லை. நேப்பியரில் மழை வந்து டை. ஹாமில்டன், கிறைஸ்ட்சர்ச் இரண்டிலும் ஒரு நாள் ஆட்டம் மழையில் முடிவில்லாமல் போயிற்று. உருப்படியாக நடந்தவை இரண்டே. ஒன்றில் சூர்யகுமார் 51 பந்தில் 111 அடித்தார், போட்ட காசு வந்தது. ஆக்லாந்தில் தோற்றோம். அதை வாராக்கடனில் சேர்த்துவிட்டேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "மழையைப் பாக்கறதுக்கா பணம் கட்டினீங்க? நவம்பர் மாசம் நம்ம பால்கனில வந்து நின்னா ஃப்ரீயாவே தெரியுமே!"

இதற்கு எந்த ஆடிட்டராலும் பதில் சொல்ல முடியாது.

ஏன் இப்படி ஆட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு கடையில் ஒரு துண்டு வைக்கிறார்கள்? காரணம் ரகசியமில்லை. 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. டி.வி. தனியாக ஒருத்தருக்கு, செல்போன் தனியாக இன்னொருத்தருக்கு. அத்தனை கோடி போட்டவர்கள் எங்கே எடுப்பார்கள்? விளம்பரத்தில் கொஞ்சம், உங்கள் என் சட்டைப் பையில் கொஞ்சம்.

மாமாவிடம் இதைச் சொன்னால், "இதெல்லாம் ஆரம்பிச்சது 1993-லடா" என்று உட்கார்ந்துகொள்வார்.

அந்த வருஷம் கல்கத்தாவில் ஹீரோ கோப்பை. பெங்கால் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. தூர்தர்ஷனுக்கும் சர்க்காருக்கும் கோபம். வழக்கு, வாய்தா, ரகளை. செமி ஃபைனலில் கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் வேண்டும். டெண்டுல்கர் பந்து போட்டு 3 ரன்தான் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வழக்கில் 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புதான் மறந்துவிட்டது. ஆகாயத்தில் போகிற அலைகள் பொதுச் சொத்து. சர்க்காரும் அதற்குத் தனியாகச் சொந்தம் கொண்டாட முடியாது, தனியாரும் முடியாது என்றது கோர்ட்.

"பொதுச் சொத்துன்னு சொன்னாளே தவிர, பாக்கறதுக்கு யார் பணம் கட்டறதுன்னு சொல்லலை" என்பார் மாமா. முப்பத்தைந்து வருஷம் ஆடிட் செய்தவர். ஓட்டை எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

அந்த ஓட்டை முதலில் எங்கள் தலையில்தான் ஒழுகியது. 2003 செப்டம்பர் 1. சென்னைவாசிகளுக்கு ஞாபகம் இருக்கும். கட்டணச் சேனல் பார்க்க வேண்டுமானால் செட் டாப் பாக்ஸ் வாங்கியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலும் ஆரம்பிப்பதாகப் பேச்சு. மற்ற மூவரும் சமர்த்தாக நழுவிவிட, சென்னை மட்டும் மாட்டிக்கொண்டது. ராத்திரி வரை வந்த ஈ.எஸ்.பி.என்., ஸ்டார் ஸ்போர்ட்ஸ் எல்லாம் விடிந்ததும் காணோம். எழுபத்திரண்டு ரூபாயும் வரியும் கட்டினால் இலவசச் சேனல்கள். அவற்றில் பக்தி உண்டு, பாட்டு உண்டு, கிரிக்கெட் இல்லை.

நான் அப்போது எட்டாவது. அப்பாவிடம் பாக்ஸ் கேட்டேன். "பெட்டி வாங்கினா மார்க் வருமா?" என்று கேட்டார். வராது என்று ஒப்புக்கொண்டேன். விஷயம் முடிந்தது.

எங்கள் ஃப்ளாட்ஸில் ஒரே ஒருத்தர் பாக்ஸ் வாங்கினார். ஏ.ஜி. ஆபீஸ் மாமா. ஏதோ அரியர்ஸ் வந்ததாம். அந்த டிசம்பரில் அடிலெய்டில் டிராவிட் 233 அடித்தாரே, பார்த்திருக்கிறீர்களா? நான் முழுசாகப் பார்த்தேன். விடியற்காலை, அரைப் பரீட்சை நேரத்தில், மாமா வீட்டு ஹாலில், பாயில் உட்கார்ந்து. என்னோடு இன்னும் ஆறேழு பையன்கள். மாமி எல்லோருக்கும் காபி கொடுப்பாள். சின்னப் பையன்களுக்குக் காபி கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அது மாமி வீட்டில் செல்லாது.

அடுத்து 2004 மார்ச், பாகிஸ்தான் டூர். உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம். அதுவும் கட்டணச் சேனல். ஊரெல்லாம் கூச்சல். சென்னை ஹைகோர்ட்டில் பொதுநல வழக்கே போட்டார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், தூர்தர்ஷனுக்கும் படத்தைக் கொடு என்று உத்தரவு வந்தது. டென் ஸ்போர்ட்ஸ் முத்திரையோடும் விளம்பரத்தோடும் நம் தூர்தர்ஷனில் மேட்ச்! முல்தானில் சேவாக் 309. சோயப் அக்தர் பந்தை சிக்ஸருக்குத் தூக்கிவிட்டு நம்ம சென்னைப் பையன் பாலாஜி சிரித்த சிரிப்பு. எல்லாம் இலவசம்.

அதாவது எங்கள் வீட்டு டி.வி.யிலேயே வந்தது.

இருந்தும் நான் கீழேதான் போனேன். வீட்டில் கேட்டதற்கு, "மாமா டி.வி.ல படம் தெளிவா இருக்கும்" என்றேன். பொய். இரண்டு டி.வி.யும் ஒரே மாதிரிதான் இருந்தன. தனியாகப் பார்க்கும்போது பாலாஜி சிக்ஸர் அடித்தால் யாரைப் பார்த்துக் கத்துவது? மாமாவும் "உங்காத்துலயே வர்றதேடா" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பாயை விரித்துப் போட்டுவிட்டு, "பேட்டிங் யாரு?" என்றுதான் கேட்டார்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கணக்கு நேராக வேண்டும்.

அந்தச் சண்டைகளுக்குப் பிறகு 2007-ல் பார்லிமென்ட்டில் சட்டமே வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டம் என்று சர்க்கார் அறிவித்தால், உரிமை வாங்கியவர் படத்தைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். டி.வி. விளம்பர வருமானத்தில் முக்கால் பங்கு அவருக்கு, கால் பங்கு பிரசார் பாரதிக்கு. 'ஆஹா, இனி கவலையில்லை' என்றுதானே நினைக்கிறீர்கள்? 2017-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு விளக்கம் கொடுத்தது. பகிர்ந்த படம் தூர்தர்ஷனின் சொந்தக் கோபுரத்திலும் சொந்த டிஷ்ஷிலும்தான் வரலாம். கேபிளில் வரும் தூர்தர்ஷனில் வரக் கூடாது.

மேற்கு மாம்பலத்தில் கோபுரத்துக்கு ஆன்டெனா வைத்தவர்கள் யார் இருக்கிறார்கள்? காக்கைகள் உட்கார்ந்து வளைத்த ஆன்டெனாக்களை எப்போதோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று. மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் வாங்கலாம் என்று மாமா கிளம்பினார். அசோசியேஷன் செக்ரட்டரி மொட்டை மாடியில் ஆணி அடிக்க விடவில்லை. வாட்டர் ப்ரூஃபிங் போய்விடுமாம். ஆக, சட்டப்படி மேட்ச் எங்கள் தலைக்கு மேலே இலவசமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இறக்கிக் கொள்ளத்தான் வழியில்லை.

என் அக்கா பையன் ஒரு வழி சொன்னான். காசே வேண்டாம், ஏதோ ஒரு 'லிங்க்' அனுப்புகிறேன், அதைத் தட்டினால் உலகத்தில் நடக்கிற எல்லா மேட்ச்சும் வரும் என்றான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரசீது இல்லாத மேட்ச் எனக்கு வேண்டாம்டா."

ரசீதும் இல்லாமல், திருட்டும் இல்லாமல் ஒரு தடவை பார்த்தோம். அது 2021 ஜூலை. கொரோனா கொஞ்சம் அடங்கியிருந்தது. மாமி போய் எட்டு மாசம். மாமா வெளியே வருவதையே விட்டிருந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அஸ்வின் எங்கள் பேட்டை. ராமகிருஷ்ணாபுரத்துத் தெருவில் பந்து போட்டு வளர்ந்தவர். அவர் அடித்த பந்து எங்கள் ஜன்னலை உடைத்தது என்று சொல்லிக்கொள்ளாத குடும்பம் மேற்கு மாம்பலத்தில் கிடையாது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவர் பள்ளிக்கூடமே போயிருக்க முடியாது. மாமாவும் ஒரு பூத்தொட்டியை அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

அந்த ஜூலையில் அஸ்வின் லண்டன் ஓவலில் சர்ரே கவுன்ட்டிக்காக, சாமர்செட்டை எதிர்த்து ஒரே ஒரு மேட்ச் ஆடினார். நம் டி.வி.யில் எதிலும் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் கவுன்ட்டிக் கிளப்புகள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே யூட்யூபில் போடுகின்றன. பைசா கிடையாது. நான் கீழே போய், "மாமா, உங்க பூத்தொட்டி ஓவல்ல பந்து போடறது, வரேளா?" என்றேன். மெதுவாக மேலே வந்தார். மாமி போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை அந்த முப்பத்தாறு படியும் ஏறினார்.

முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு விக்கெட். "பிட்ச் சரியில்லைடா" என்றார். கடைசி நாள் அஸ்வின் 27 ரன் கொடுத்து 6 விக்கெட். சாமர்செட் 69-க்கு ஆல் அவுட். மாமா நாற்காலியின் கைப்பிடியைத் தட்டித் தட்டி, "போட்றா! போட்றா!" என்று கத்திய கத்தலில் எதிர் ஃப்ளாட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி காபி கொண்டுவந்தாள். மாமா டம்ளரை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்போது ஆரம்பித்ததுதான் இந்த "எதுல வருது?"

டெஸ்ட்டில் 537 விக்கெட்டோடு 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் அஸ்வின் ஓய்வு அறிவித்துவிட்டார். மாமா ஓய்வு அறிவிக்கவில்லை. ஒவ்வொரு தொடருக்கும் வருகிறார். நானும் ஒவ்வொரு தொடருக்கும் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டு மறந்து, ஓ.டி.பி. வந்து, ஓ.டி.பி. காலாவதியாகி, மறுபடி ஓ.டி.பி. வந்து, டாஸ் முடிவதற்குள் எப்படியாவது போட்டுவிடுகிறேன். போட்டாலும் எதிர் ஃப்ளாட்டில் கேபிள், எங்களுக்கு இன்டர்நெட். அவர்கள் "ஓ..." என்று கத்தி அரை நிமிஷம் கழித்துத்தான் எங்களுக்கு விக்கெட் விழும். "ஜோசியர் இல்லாமலே எதிர்காலம் தெரியறதுடா" என்பார் மாமா.

போன மாசம் மாமா வீட்டில் ஃப்யூஸ் போயிற்று. போட்டுக் கொடுக்கப் போனேன். கரன்ட் வந்ததும் டி.வி. தானாக உயிர் பெற்றது. புது டி.வி. அமெரிக்காவிலிருந்து பெண் வந்திருந்தபோது வாங்கிக் கொடுத்தது. திரையில் வரிசையாகக் கட்டங்கள். ஜியோஹாட்ஸ்டார், சோனி லிவ், அமேஸான் பிரைம், ஃபேன்கோட். ஒன்றைத் தட்டினேன். 'அப்பா' என்று பெயர் போட்டு, மேட்ச் பக்கமே திறந்தது. எல்லாவற்றுக்கும் வருஷச் சந்தா கட்டியிருந்தாள் அந்தப் பெண்.

மாமா பூஜை அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். டி.வி.யை அணைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அந்தப் பெண் சான் ஹோசேயில் இருக்கிறாள். அங்கே சி.எஸ்.கே. மேட்ச் பார்க்க அவள் வில்லோ சேனலுக்குச் சந்தா கட்டுகிறாள். சேப்பாக்கத்தில் ராத்திரி ஏழரை என்றால் அவளுக்குக் காலை ஏழு மணி. பெண்ணுக்கு லஞ்ச் பாக்ஸ் கட்டிக்கொண்டே பார்ப்பாளாம். உலகம் பூராவும் இந்த வியாபாரம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நடக்கும் ஃபுட்பால் மேட்ச்சை அந்த ஊர் டி.வி.யில் காட்ட மாட்டார்கள். 2.45 முதல் 5.15 வரை தடை. ஜனங்கள் மைதானத்துக்கு வர வேண்டும் என்று 1960-களில் ஏற்பட்ட வழக்கம். அதே மேட்ச்சை மேற்கு மாம்பலத்தில் இருப்பவன் சந்தா கட்டி ஜோராகப் பார்க்கலாம். மைதானத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லை, ஐயாயிரம் மைல் தள்ளி இருப்பவனுக்கு உண்டு!

வெள்ளைக்காரன் வழக்கத்தைப் பார்த்து முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. படத்தை நிறுத்தினால்தான் மனுஷன் வெளியே வருவான் என்று அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் மாமாவுக்குப் படத்தை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. நான்கு சந்தாவையும் வீட்டில் வைத்துக்கொண்டு முப்பத்தாறு படி ஏறி வருகிறார்.

ராத்திரி மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். "மாமா வீட்டுல எல்லா ஆப்பும் இருக்கு. தெரியுமா?"

"எனக்கு ஒரு வருஷமாவே தெரியும். ரிமோட்டுக்கு பேட்டரி வாங்கிக் கொடுத்ததே நான்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க ரெண்டு எடத்துல எதுக்கு சந்தான்னு கணக்குப் போட ஆரம்பிச்சுடுவீங்க."

உண்மைதான். போட்டிருப்பேன். இப்போதும் போட்டேன். ஆனால் 2003 டிசம்பரிலிருந்து ஆரம்பித்தேன். பாய், காபி, டிராவிட் 233, "உங்காத்துலயே வர்றதே" என்று கேட்காத கேள்வி. எல்லாவற்றையும் பற்று எழுதிப் பார்த்தால் என் பக்கம்தான் பாக்கி நிறைய இருக்கிறது. இந்த ஜென்மத்தில் நேராகாது.

நேற்று சாயங்காலம் கிரில் கேட்டில் சத்தம். மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"டேய், நாளைக்கு மேட்ச் எதுல வருது?"

"நம்மாத்துலதான் மாமா" என்றேன்.